கம்பத்திலிருந்து கேட்ட குரல்

அன்று காலை குழாயில் தண்ணீர் வரவில்லை. கரண்ட் போயிருக்கும் என்றுதான் அருள்ராணி முதலில் நினைத்தாள். அவள் கட்டிக்கொண்டிருந்த வீட்டில், புதிதாகப் போட்ட தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் அதை நிரப்பிவிட்டு வேலைக்குப் போவது அவள் வழக்கம். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் மோட்டார் பெட்டியிடம் போனாள். பெட்டியின் கதவு ஒற்றைக் கீலில் தொங்கியது. உள்ளே ஸ்டார்ட்டர் இல்லை. அங்கிருந்து போர்வெல் குழாய் வரைக்கும் மண்ணுக்குள் புதைத்திருந்த வயரையும் காணவில்லை. மல்லாட்டைச் செடி பிடுங்கின கொல்லையைப் போல மண் நீளமாகக் கிளறிக் கிடந்தது.

அவள் சத்தம் போடவில்லை. போட்டாலும் கேட்க ஆள் இல்லை. திண்டிவனத்திலிருந்து ஒலக்கூர் போகிற பாதையில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ஏரிக்கரையை ஒட்டிப் போட்ட மனைப்பிரிவு அது. மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்களும் சீமைக்கருவேலமும்தான் அங்கே குடியிருந்தன. எழும்பின வீடுகள் எல்லாம் முன் தெருவோடு சரி. கடைசித் தெருவில் அவள் வீடு ஒன்றுதான் தனியாகத் தளம்வரை வந்து நின்றது.

மேஸ்திரி முத்துசாமி ஆட்களோடு வந்து சேர்ந்தபோது அவள் அந்தப் பள்ளத்தின் ஓரமாகவே நடந்துகொண்டிருந்தாள், வயர் வேறு எங்காவது கிடக்கும் என்பதைப் போல.

"இழுத்துக்கினு பூட்டாங்களா?" என்றார் முத்துசாமி. குனிந்து குழாய் வாயைப் பார்த்தார். "மோட்டாரு உள்ளதாம்மா கீது. அதை மட்டும் வெச்சிக்கினு இன்னா பண்றது? டேங்கர் ஒண்ணு சொல்லுங்க. தளம் காஞ்சா பேஜாரு."

டேங்கருக்குச் சொன்னாள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தாள். ஒரு காவலர் வந்து பார்த்து, போட்டோ எடுத்து, "தனி வீடும்மா. ஒரு கேமரா போட்டு வெச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம்தான், பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் தான் வேலை செய்யும் மருந்துக் கடைக்குப் போனாள். அவள் தாமதமாக நுழைந்ததும் முதலாளி வெங்கடாசலம் நிமிர்ந்தார். கடிகாரத்தை மட்டும் ஒரு தடவை பார்த்தார்.

அருள்ராணியின் கணவன் செபஸ்தியான் கத்தாரில் ஏசி மெக்கானிக். மகள் ஆஷ்லின் கைக்குழந்தையாக இருந்தபோது விமானம் ஏறினான். இப்போது அவள் காலேஜில் சேர்ந்துவிட்டாள். நடுவில் அவன் வந்துபோன விடுமுறைகளை எல்லாம் சேர்த்தாலும் குடும்பமாக ஒரு கூரைக்கடியில் இருந்த காலம் கொஞ்சம்தான். கோயில் தெருவில் வாடகை வீட்டின் மாடிப்படிக்குக் கீழே சமையல்கட்டு. நிமிர்ந்தால் தலை இடிக்கும். சொந்தமாக ஒரு வீடு கட்டிவிட்டால் ஊருக்கே வந்துவிடுவேன் என்று செபஸ்தியான் சொல்லிக்கொண்டிருந்தான். அதனால் அந்த வீடு அவனுக்குச் செங்கல்லும் சிமெண்டும் மட்டுமல்ல. அதில் ஒரு வயரை யாரோ உருவினார்கள் என்றால், தான் திரும்பி வரும் நாளையே உருவினதாக அவனுக்குத் தோன்றியது.

"கேமரா வாங்கு ராணி," என்றான் போனில். "இன்னிக்கே வாங்கு. நான் இங்கேர்ந்து பாத்துக்கறேன்."

விழுப்புரத்தில் ஒரு கடையில் நல்லதாகக் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். லீவு போட்டுப் போனாள். கரண்ட் இல்லாவிட்டாலும் வெயிலில் ஓடுகிற, சிம் கார்டு போடுகிற கேமரா. கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். "யாராச்சும் நடந்தா உங்க போன்ல மணி அடிக்கும் மேடம். நீங்க இங்கேர்ந்து பேசுனீங்கன்னா அங்க ஸ்பீக்கர்ல கேக்கும்."

வாசலுக்கு எதிரே இரும்புக் கம்பம் நட்டு, அதன் உச்சியில் மாட்டினார்கள். அவள் போனிலும் தெரிந்தது, செபஸ்தியானின் போனிலும் தெரிந்தது. அன்றைக்கு அவன் ரொம்ப சந்தோஷமாக இருந்தான். கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் காட்டினானாம். "ஏரிக்காத்து அடிக்கறது கூடத் தெரியுது ராணி" என்றான்.

மணி அடிக்கத் தொடங்கியது. ஆடு வந்தால் அடித்தது. நாய் குறுக்கே போனால் அடித்தது. சிமெண்ட் மூட்டைமேல் போர்த்திய தார்ப்பாய் காற்றில் எழும்பினாலும் அடித்தது. மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு அலமாரிப் பக்கம் திரும்புவாள். இடுப்பில் போன் அதிரும். எடுத்துப் பார்ப்பாள், மைனா. மறுபடி மாத்திரையைத் தேடும்போது எந்த மாத்திரை என்று மறந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லோரும் முழங்காலில் நிற்கும்போது அவள் முந்தானைக்குள் போனை வைத்து ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கத்திலும் கை தானாகப் போனைத் தேடியது. ஆஷ்லின் கேட்டாள், "அம்மா, அந்த வீடு வர்றதுக்குள்ள உனக்கு பைத்தியம் புடிச்சிடும் போலகீதே?"

மணியைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். செபஸ்தியானின் போன்கள் அதைவிடப் பெரிய பாடு.

"ராணி, அந்தப் பச்சைப் பொடவை கட்டுன பொம்பளை எதுக்கு அடிக்கடி பின்பக்கம் போறா?"

"அது கலைமதிங்க. சித்தாளு. பின்பக்கந்தான் ஜல்லி கொட்டிக் கெடக்குது."

"நாலு மூட்டை இருந்துச்சி, இப்ப மூணுதான் தெரியுது."

"ஒண்ணை ஒடச்சி கலவை போட்டிருப்பாங்க."

"நீ கேட்டியா?"

கேட்கவில்லை. கேட்க வெட்கமாக இருந்தது. கலைமதி வேலை முடிந்து போகும்போது மிச்சமிருக்கும் சிமெண்டை ஈரம் படாமல் தூக்கி மேலே வைத்துவிட்டுப் போகிறவள். அவளிடம் போய் மூட்டைக் கணக்கு கேட்பதா? ஒரு நாள் மத்தியானம் சைட்டுக்குப் போனபோது கலைமதி தூக்குவாளியிலிருந்து கேப்பைக்கூழ் ஊற்றி, "குடிக்கா, மூஞ்சி வாடிப்போயிருக்குது" என்று நீட்டினாள். செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்து, மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டு குடித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு ருசி தெரிந்து சாப்பிட்டது அன்றுதான். சாயங்காலம் செபஸ்தியான் கேட்டான், "இன்னா ராணி, அவ்ளோ நேரம் அவங்களோட உக்காந்துக்கினு இன்னா பேச்சு? மேஸ்திரி வேற பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தான்."

அடுத்த நாளிலிருந்து சைட்டுக்குப் போனால் கம்பத்தின் பின்பக்கமாக நின்று பேசினாள். தான் கட்டுகிற வீட்டில் தானே திருடியைப் போல ஒதுங்கி நிற்கிறோம் என்பது அவளுக்கு உறுத்தியது. ஆனாலும் அங்கேயே நின்றாள்.

பூச்சு வேலை முடிந்தது. எலக்ட்ரீசியன் வந்து சுவருக்குள் போட்ட குழாய்களில் வயர் இழுத்துவிட்டுப் போனான். சன்னல்களுக்குக் கண்ணாடி வந்தது. முத்துசாமி சுற்றுச்சுவர் வேலையைத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை செபஸ்தியானுக்கு விடுமுறை. அறையில் படுத்துக்கொண்டு காலையிலிருந்து போனைப் பார்ப்பான். அப்படியொரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் அருள்ராணி கடையிலிருந்து சைட்டுக்கு வந்திருந்தாள். முத்துசாமி நாலைந்து கம்பிகளைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டி வெளியே நடந்தார். தெருவுக்கு அந்தப் பக்கம் புங்கமரத்து நிழலில்தான் கம்பி வளைக்கிற பலகை போட்டிருந்தது. அந்தப் பலகை கேமராவுக்குத் தெரியாது.

"யோவ்!"

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். குரல் கம்பத்து உச்சியிலிருந்து வந்தது, கரகரவென்று.

"யோவ் மேஸ்திரி! கம்பிய எங்க எடுத்துக்கினு போற? காலைலேர்ந்து பாக்கறேன், போற கம்பி எதுவும் திரும்பி வரல. எவன் வீட்டுக்குப் போவுது?"

கலவைச் சட்டியோடு கலைமதி அப்படியே நின்றாள். கொத்தனார் ஒருவர் சாரத்திலிருந்து பாதி இறங்கினார். முத்துசாமி திரும்பி வந்து, தோளிலிருந்த கம்பிகளை ஒவ்வொன்றாகத் தரையில் கிடத்தினார். கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு அருள்ராணியைப் பார்த்தார். அவள் வாய் திறக்கவில்லை. கை மட்டும் போனில் எதையோ அழுத்திக்கொண்டிருந்தது, அந்தக் குரலை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல்.

"நான் கட்டுன வீட்ல எத்தினியோ பேரு கொழந்தை குட்டியோட கீறாங்கம்மா," என்றார் முத்துசாமி. குரல் உயரவில்லை. "மூஞ்சிக்கு நேரா நின்னு கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பேன். கம்பத்துக்கெல்லாம் பதில் சொல்ல முடியாது."

கரணையைக் கழுவினார். மட்டப்பலகையை எடுத்தார். ஆட்களும் அவர் பின்னாலேயே போனார்கள். கலைமதி மட்டும் வாசலில் நின்று, "வர்றேங்க்கா" என்றாள்.

அன்று சாயங்காலம் சண்டை. "நான் கேட்டது தப்பா?" என்றான் செபஸ்தியான். "வேற மேஸ்திரி கெடைக்க மாட்டானா?"

"கெடைப்பாங்க. நீங்களே புடிங்க. அங்கேர்ந்தே எல்லாம் பாக்கறீங்களே, ஆளையும் அங்கேர்ந்தே புடிச்சி அனுப்புங்க."

அவன் போனை வைத்துவிட்டான். அவளும் திரும்பக் கூப்பிடவில்லை.

வேலை நின்ற சைட் எப்படியிருக்கும் என்று அருள்ராணி அதுவரை பார்த்ததில்லை. இரண்டு நாள் ஆள் வராவிட்டால் போதும், யாருக்கும் சொந்தமில்லாத இடமாகிவிடுகிறது. ஏரிப்பக்கமிருந்து வந்த யாரோ பின்னறையில் உட்கார்ந்து குடித்திருந்தார்கள். கேமராவின் கண் முன்வாசலோடு சரி. பின்சன்னல் கண்ணாடிகளைக் கல்லால் அடித்து நொறுக்கியிருந்தார்கள். திருட அதில் ஒன்றுமில்லை, உடைக்க வேண்டுமென்று உடைத்தது. வெள்ளைப் பட்டி பூசிய சுவரில் கரியால் கெட்ட வார்த்தை எழுதி, பக்கத்தில் ஒரு படமும் போட்டிருந்தார்கள். அதை ஆஷ்லின் பார்த்துவிடக் கூடாதே என்று அருள்ராணி தேங்காய் நாரால் தேய்த்தாள். எழுத்து போகவில்லை, பட்டிதான் பெயர்ந்தது. கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டி அள்ளும்போது உள்ளங்கையில் கீறிக்கொண்டது. கடையில் மருந்துக்குப் பஞ்சமில்லை, கட்டுப்போட்டுக்கொண்டாள். செபஸ்தியானிடம் இதை எதையும் சொல்லவில்லை. அவனும் பேசவில்லை. மகள் மூலமாக, "அப்பா சாப்பிட்டாராம்", "அம்மா கடைக்குப் போயிருக்குது" என்ற அளவில் செய்தி போய்வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை. கடையில் கூட்டம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பரவியிருந்த நேரம். போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். குட்டியானை லோடு வண்டி ஒன்று வீட்டு வாசலில் ரிவர்ஸில் நுழைந்து போர்டிகோவை ஒட்டி நின்றது. மஞ்சள் ஹெல்மெட், ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒருவன் இறங்கினான். ஏணியை இறக்கினான். தோளில் ஒரு வயர் சுருள், கையில் டூல்ஸ் பெட்டி. கேமராவை நிமிர்ந்து பார்த்து, கையைத் தூக்கி ஒரு வணக்கம் வைத்தான்.

அவளுக்குச் சுருக்கென்றது. 'ஆள் புடிச்சிட்டாரா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லாம?' போனில் கேட்கலாம்தான். கேட்டால், 'நீதானே புடிக்கச் சொன்ன' என்பான். கேட்கவில்லை. நடுநடுவே எடுத்துப் பார்த்தாள். அந்த ஆள் சாக்கு மூட்டைகளைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டிருந்தான். குப்பையைக்கூட அள்ளுகிறானே, வேலை சுத்தம் என்று நினைத்தாள். கடைசியாகப் பார்த்தபோது ஏணியைக் கம்பத்தில் சாய்த்து ஏறிக்கொண்டிருந்தான். முகம் பெரிதாகத் தெரிந்தது. வியர்வை வழிந்த, சாதாரணமான முகம். அப்புறம் படம் இல்லை.

கூட்டம் குறைந்த பிறகும் படம் வரவில்லை. மனசு கேட்காமல் வெங்கடாசலத்திடம் சொல்லிவிட்டுப் போனாள். கம்பம் மொட்டையாக நின்றது. உள்ளே ஒவ்வொரு சுவிட்ச் பெட்டியும் வாயைத் திறந்துகொண்டிருந்தது. அறை அறையாக ஓடிப் பார்த்தாள். ஒரு குழாயிலும் வயர் இல்லை. எல்லாவற்றையும் உருவியிருந்தான். குளியலறைக் குழாய்களும் போயிருந்தன. கூடத்தின் நடுவில் அவன் தோளில் கொண்டுவந்த அந்த வயர் சுருள் மட்டும் கிடந்தது. பழைய, உள்ளே செம்பில்லாத வெறும் ரப்பர்.

அவள் செபஸ்தியானைக் கூப்பிட்டாள்.

"அந்த எலக்ட்ரீசியன நீங்களா அனுப்புனீங்க?"

"நீ அனுப்புலியா?"

இல்லை என்றாள். வீட்டில் பார்த்ததையெல்லாம் சொன்னாள்.

"நான் பாத்துக்கினே இருந்தேன் ராணி," என்றான் செபஸ்தியான். "ஆரம்பத்துலேர்ந்து பாத்தேன். அவன் வேர்த்து விறுவிறுத்து மூட்டை தூக்கறான். பாவம், ஒத்த ஆளா வேலை செய்யறானே, தண்ணி குடிக்கக் கூட ஆள் இல்லியேன்னு நெனச்சேன். உன்கிட்ட சொல்லி டீ வாங்கித் தரச் சொல்லலாம்னு… அப்பறம் நாமதான் பேசறதில்லையேன்னு…"

முடிக்க முடியாமல் நிறுத்தினான். அவன் அழுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. திட்டுவதற்கு அவள் எடுத்துவைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் உபயோகமில்லாமல் போயின. இருவருமே திருடனைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முன் தெருவுக்குப் போன் போட்டு வண்டியை மடக்கியிருக்கலாம்.

மறுநாள் ஸ்டேஷனில் மறுபடி எழுதிக் கொடுத்துவிட்டு, அவள் முத்துசாமியைத் தேடிப் போனாள். விழுப்புரத்துக்குப் பக்கத்தில் திருவாமாத்தூரில் அவர் வேலை எடுத்திருப்பதாகக் கலைமதி போனில் சொன்னாள். விழுப்புரத்தில் பஸ் மாறி, கோயில் நிறுத்தத்தில் இறங்கி, விசாரித்துக்கொண்டே போனாள். முத்துசாமி சாரத்தின்மேல் நின்று சுவர் பூசிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தார், ஆனால் இறங்கவில்லை. கையிலிருந்த கலவை தீர்ந்த பிறகுதான் இறங்கினார்.

"மேஸ்திரி, நடந்தது தப்பு. நானும் அங்கதான் நின்னேன், வாயத் தெறக்கல. மன்னிச்சிடுங்க."

"நீங்க எதுக்கும்மா கேக்கறீங்க? நீங்க ஒண்ணும் சொல்லலியே."

"சொல்லாதது தான் தப்பு."

அவர் துண்டால் கையைத் துடைத்தார், ரொம்ப நேரம். அவள் அங்கேயே செபஸ்தியானைக் கூப்பிட்டு, ஒன்றும் விளக்காமல் போனை அவரிடம் நீட்டினாள்.

"ஹலோ… ஆங், முத்துசாமிதான் பேசறேன்… ம்… ம்…" வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. "சரி வுடுங்க சார். வெளிநாட்ல கஷ்டப்படறீங்க, உங்களுக்குப் பதைக்காதா… இல்ல, அது வேணாம்… அதெல்லாம் வேணாம்… இப்ப எங்கேர்ந்து பேசறீங்க, கம்பத்துலேர்ந்தா?" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எதிரிலும் சிரித்திருக்க வேண்டும்.

இந்த வேலை முடிந்ததும் வருகிறேன் என்றார். "அதுவரைக்கும் அந்த எடத்தை அப்டியே போட்டு வெச்சீங்கன்னா செவுரு கூட மிஞ்சாதும்மா" என்றும் சொன்னார்.

அதைத்தான் அவளும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். சிமெண்ட் கலந்துகொண்டிருந்த கலைமதி கிட்டே வந்தாள். "அக்கா, நானும் எங்க வூட்டுக்காரரும் இதோ இந்தக் கொட்டாயிலதான் கீறோம். அடுத்த மாசம் காலி பண்ணணும். உன் வூட்டாண்ட வந்து இருக்கட்டா?"

"அடுத்த மாசம் வேணாம். முடிஞ்சா இந்த வாரமே வாங்க," என்றாள் அருள்ராணி. "நானும் வர்றேன்."

சொன்ன பிறகுதான், தான் முடிவெடுத்துவிட்டது அவளுக்கே தெரிந்தது. வாடகை வீட்டைக் காலி செய்தாள். தச்சுப் பட்டறையில் கிடந்த கதவுகளில் இரண்டை மட்டும் அவசரமாக வாங்கி வந்து, ஒன்றை வாசலுக்கும் ஒன்றை முன்னறைக்கும் மாட்ட வைத்தாள். அந்த அறையில் கட்டில், பீரோ, அடுப்பு, ஆஷ்லினின் புத்தகங்கள், மாதா படம். தரைக்கு டைல்ஸ் இல்லை. நடந்தால் காலெல்லாம் சிமெண்ட் தூசி. போர்டிகோவில் தகரம் மறைத்து, கலைமதியும் அவள் கணவன் ஆனந்தராஜும். அவன் மூட்டை தூக்குகிறவன். அதிகம் பேசாதவன். வந்த அன்றே ஏரிப்பக்கம் முள்வெட்டி வேலி அடைத்தான்.

ஆஷ்லின் மூன்று நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள். "பாத்ரூம்ல குழாயே இல்லாத வீட்ல எந்தப் பொண்ணு இருப்பா?" நியாயம்தான். அருள்ராணி முதலில் குழாயைத்தான் போட வைத்தாள்.

குடிவந்து பொருள்களை அடுக்கின பிறகே செபஸ்தியானிடம் சொன்னாள்.

"பைத்தியமா உனக்கு? கதவு கூட முழுசா இல்லாத வீட்ல பொம்பளைங்க ரெண்டு பேரு…"

"நாலு பேரு இருக்கோம்."

"இன்னொரு கேமரா வாங்கிடு. நான் பாத்துக்கினு…"

"வாங்கிட்டேங்க. முன்ன ஒண்ணு, பின்ன ஒண்ணு. ஆனா அது என் போன்ல மட்டும் தெரிஞ்சா போதும்."

அவன் புரியாமல், "பாஸ்வேர்ட் அனுப்பு" என்றான்.

"அனுப்ப மாட்டேன். அதுல நான் சாப்பிடறது, உக்கார்றது, யார்கிட்ட பேசறேன்னு எல்லாம் தெரியுது. எனக்கு மூச்சு முட்டுது. வீட்ல இன்னா நடந்துச்சின்னு தெரியணும்னா எங்கிட்ட கேளுங்க. நான் சொல்றேன்."

ஒரு வாரம் அவன் கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் சாயங்காலம் பாஸ்வேர்டை அனுப்பிவிடலாம் என்று போனை எடுப்பாள், வைப்பாள். பிறகு ஒரு நாள் கூப்பிட்டான். "இன்னிக்கி இன்னா வேலை நடந்துச்சி?" என்றான், பரீட்சை எழுதப் போன பிள்ளையைப் போல. அவள் சொன்னாள். முத்துசாமி திரும்பி வந்தது, சுற்றுச்சுவர் எழும்பினது, ஏரியில் தண்ணீர் வந்தது, கலைமதி வாசலோரம் அவரை விதை ஊன்றியது. அப்படியே பழக்கமாகிவிட்டது. கம்பத்துக் கேமராவில் பார்த்ததைவிட இப்போதுதான் வீடு நன்றாகத் தெரிகிறது என்று ஒரு நாள் அவனே சொன்னான். அது மெய்யா, அவளைச் சமாதானப்படுத்தவா என்று அவள் ஆராயவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். இதே மாதிரி பல இடங்களில் கைவைத்த ஒருவன் வேறொரு ஊரில் சிக்கியிருந்தான். போய்ப் பார்த்தாள். ஹெல்மெட் இல்லாமல் சின்ன ஆளாகத் தெரிந்தான். அந்த முகம்தான். உண்மையிலேயே எலக்ட்ரீசியனாக இருந்தவனாம். வயரையெல்லாம் எரித்துச் செம்பாக்கி விற்றாகிவிட்டது, ஒன்றும் திரும்பக் கிடைக்கவில்லை. அவள் அடையாளம் காட்டிவிட்டுத் திரும்பும்போது அவன் கேட்டான், "அக்கா, அந்த ஏரிக்கரை வீடா? வேலை முடிஞ்சிருச்சா?" கிண்டலாகக் கேட்கவில்லை. விசாரிக்கிற மாதிரிதான் கேட்டான். அதுதான் அவளைப் பல நாள் தொந்தரவு செய்தது.

ஈஸ்டருக்குப் பிறகு வீட்டு மந்திரிப்பு வைத்தார்கள். செபஸ்தியான் லீவில் வந்தான். பங்குச் சாமியார் அறை அறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போக, அவன் பின்னாலேயே ஒவ்வொரு சுவிட்சையும் போட்டுப் போட்டு அணைத்தான். முத்துசாமிக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். "வெயில்ல நிக்காதீங்க சார், உள்ள வாங்க" என்று முத்துசாமிதான் அவனை அவன் வீட்டுக்குள்ளேயே கூட்டிக்கொண்டு போனார். ஒரேயடியாக வந்துவிடுவதாகச் சொன்னவன், இன்னும் ஒரு ஒப்பந்தம் முடித்துவிட்டு வருகிறேன் என்று மறுபடி விமானம் ஏறினான்.

அந்த வருஷமே பக்கத்து மனையில் வேலை தொடங்கியது. விழுப்புரத்தில் ரயில்வேயில் வேலை செய்கிற கோகுலகிருஷ்ணன் என்பவருடைய வீடு. கலைமதியும் ஆனந்தராஜும் அங்கே கொட்டகை போட்டுக்கொண்டார்கள். ஆனாலும் கோகுலகிருஷ்ணன் தன் நம்பரை அருள்ராணியிடமும் கொடுத்து, "அக்கா, நீங்களும் ஒரு கண்ணு வெச்சிக்கோங்க" என்றிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கலைமதி குடும்பம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. அருள்ராணி சாப்பிட உட்கார்ந்து சோற்றில் கை வைத்தபோது பக்கத்து மனையில் வண்டிச் சத்தம் கேட்டது. எழுந்து போனாள். ஒருவன் பைக்கிலிருந்து டூல்ஸ் பையை இறக்கிக்கொண்டிருந்தான்.

"யாரு நீங்க?"

"எலக்ட்ரீசியன்க்கா. பைப் அளவு எடுக்கணும்."

"யாரு வரச்சொன்னாங்க?"

"ஓனருதான்."

"ஓனரு பேரு?"

"பேரு தெரியாது. மேஸ்திரிதான் எடத்தைச் சொன்னாரு."

கோகுலகிருஷ்ணனைக் கூப்பிட்டாள். மணி போனது, எடுக்கவில்லை. அந்த வேலையின் மேஸ்திரியும் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். வெயில் உச்சியில் நின்றது. அவன் முகம் சிவந்தது. "இன்னாக்கா, என்னைப் பாத்தா திருடன் மாதிரி கீதா?"

கம்பிகளைத் தரையில் ஒவ்வொன்றாகக் கிடத்திய முத்துசாமியின் முகம் ஒரு பக்கம், வியர்வை வழிய ஏணியில் ஏறி வந்த அந்த முகம் ஒரு பக்கம். இவன் எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்ல அவளால் முடியவில்லை.

"தப்பா எடுத்துக்காதப்பா," என்றாள். "எங்க வீட்ல ஒருத்தன் இப்டித்தான் வந்தான். அவரு போன் எடுக்கற வரைக்கும் எங்க வீட்டு நெழல்ல வந்து உக்காரு."

அவன் முனகிக்கொண்டே வந்து உட்கார்ந்தான். தண்ணீர் கொடுத்தாள். குடித்தான். போன் வந்தது. ஆமாம் அக்கா, என் ஆள்தான், சொல்ல மறந்துவிட்டேன் என்றார் கோகுலகிருஷ்ணன்.

"மன்னிச்சிக்கோப்பா" என்றாள். அவன் சொம்பைத் தரையில் வைத்துவிட்டு அளவெடுக்கப் போனான்.

"உள்ள வாம்மா, சோறு காஞ்சி போவுது" என்று ஆஷ்லின் கூப்பிட்டாள். "அதான் அவங்க ஆளுன்னு சொல்லிட்டாரே."

"வர்றேன்டி" என்றாள் அருள்ராணி. ஆனால் போகவில்லை. அவன் அளவெடுத்து முடித்து, பைக்கை எடுத்துக்கொண்டு முன் தெருவில் திரும்புகிறவரைக்கும், கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.